நேற்றைய ஆட்கள்

அமலோற்பவத்துக்கு மூக்கு நுனியில் கோபம் என்பார்கள். இருக்காதா? பன்னிரண்டு வருடமாக விசைப்படகுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. எந்தப் படகில் யார் கடலுக்குப் போகிறார்கள் என்று விடியற்காலையில் நோட்டில் எழுத வேண்டும். பாதிப் படகுகள் சொல்லாமலே கிளம்பிவிடும். கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம்.

அதனால்தான் வீடியோ பார்த்துப் பார்த்து அவளே ஓர் ஆப் செய்தாள். அதற்குப் புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. கட்டங்களை இழுத்து வைத்து, இது நடந்தால் அது நடக்கட்டும் என்று கோடு போட்டு இணைத்தால் போதும். படகுக்காரர் போனில் ஆட்களின் பெயரைப் பதிந்தால்தான் கடலுக்குப் போக டோக்கன் வரும். குறித்த நேரத்துக்குள் படகு திரும்பாவிட்டால் அத்தனை பேர் வீட்டுக்கும் தானாகவே செய்தி போய்விடும்.

"தெனமும் எட்டுப் பேரு பேரையும் தட்டிக்கிட்டு இருக்கவா முடியும்?" என்று முதலில் முணுமுணுத்தவர் கிளாட்வின், மூன்று படகுக்குச் சொந்தக்காரர். மற்றவர்களும் ஒத்து ஊதினார்கள். போனால் போகிறது என்று 'நேற்றைய ஆட்களே' என ஒரு பட்டன் வைத்துக் கொடுத்தாள். ஒரே தட்டில் முந்தின நாள் பெயர்கள் எட்டும் பதிவாகிவிடும். ஆள் குறைந்தால் கரையில் நிற்பவனை ஏற்றிக்கொண்டு போகிற வழக்கம் அவளுக்குத் தெரியாததா? தெரிந்தும் வைத்தாள்.

போன புதன்கிழமை காற்று மாறியது. எல்லாப் படகையும் திரும்ப அழைத்தார்கள். மதியம் இரண்டு மணிவரை கிளாட்வினின் படகு ஒன்று மட்டும் வரவில்லை. வயர்லெஸ்ஸிலும் பதில் இல்லை. ஆப் எட்டு வீட்டுக்கும் செய்தி அனுப்பியது.

அந்த எட்டுப் பேரில் ஒருவனான மரியான், அரை மணி நேரத்தில் அலுவலகத்துக்குள் நுழைந்தான்.

"எக்கா, நான் காய்ச்சல்ல வீட்ல கெடக்கேன். கடலுக்குப் போன நான் திரும்பலன்னு எம் பொண்டாட்டிக்கு மெசேஜ் வருது. பக்கத்துல என்னய வச்சுக்கிட்டே அவ அலறுதா!"

"அப்ப ஒனக்குப் பதிலா ஏறுனது யாருலே?"

மரியான் தலையைக் குனிந்தான். "நாந்தான் அனுப்பி வச்சேன். நம்ம வளன்."

வளன் அவளுடைய தம்பி. ஹார்பரில் சுமை தூக்குகிறவன். அன்று அங்கே வேலை இல்லை. அவள் போனுக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. எப்படி வரும்? அவள் செய்த ஆப்பில் அவன் பெயரே இல்லையே. கிளாட்வின் மேல் வந்த ஆத்திரத்தைவிட, அந்தப் பட்டனை வைத்த தன் கை மேல் வந்த ஆத்திரம் பெரிதாக இருந்தது.

இன்ஜின் நின்றுபோன படகை மாலை ஐந்து மணிக்கு வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது. நனைந்த சட்டையோடு இறங்கிய வளனை ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகுதான் அழுதாள்.

காற்று அடங்கி, படகுகள் மறுபடி கிளம்பிய அன்று ஆப்பில் அந்தப் பட்டன் இல்லை. கிளாட்வின் போனோடு வந்து நின்றார்.

"ஏளா, ஆளுதான் முழுசா வந்துட்டாம்லா? பட்டன எதுக்கு எடுத்த?"

"வச்சவளுக்கு எடுக்கவும் தெரியும். ஒவ்வொரு பேரா தட்டுங்க அண்ணாச்சி. தட்டாம டோக்கன் வராது."

பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினார். ஆறாவது பெயரில் விரல் நின்றது. படகில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தவனைத் திரும்பிப் பார்த்தார். ஐந்து மாதமாக அவர் படகில் தொழிலுக்குப் போகிறவன்.

"ஏலே, ஒம் பேரு என்னலே?"