ஒரே நீளமான முன்சீட்

மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் பழைய அம்பாசிடரை விற்றுவிட்டு பிக்கப் வாங்கினேன். எங்கள் மெஸ்ஸுக்குக் காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு தினமும் இருவரும் அந்த அம்பாசிடரில்தான் திருவொற்றியூர் திரும்புவோம். கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் ஒரு மணி நேரம் நகராது. கியர் ஸ்டியரிங்கோடு இருக்கும். முன்சீட் ஒரே நீளம். என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள்.

பிக்கப்பில் ஏசி உண்டு, ஐஸ் பெட்டிகளுக்குத் தாராளமாக இடம் உண்டு. முதல் நாள் ஏறியவள், இரண்டு சீட்டுக்கும் நடுவே நின்ற கியரையே பார்த்தாள்.

"இன்னாயா, இத்த நடுவுல நட்டு வெச்சிகிறானுங்க?"

"புது வண்டின்னா இப்டித்தான்மே."

வழக்கம்போல லாரி வரிசையில் மாட்டினோம். அவள் கதவுக் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கினாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, முன்னால் நின்ற லாரியைப் பார்த்து நான் ஹாரன் அடித்தேன்.