அண்ணன் கொடுத்த சைக்கிள் கடிகாரம்

இதை நான் ஜோடித்துச் சொல்லவில்லை. எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் எங்கள் வீட்டுக்கு வரலாம். சைக்கிள் இன்னும் மாட்டுக்கொட்டகையில்தான் நிற்கிறது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று தைரியமாக இருப்பவர்கள் குறிப்பாகக் கேளுங்கள். எனக்கு வந்தது பட்டப்பகலில், பங்குனி வெயிலில்.

என் பெயர் யுவராணி. உத்தரகோசமங்கைக்குப் பக்கத்துக் கிராமம். வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். முக்கால் ஏக்கர் மிளகாய் வயல் என் பொறுப்பு. கிணறு நான்கு வீட்டுக்குப் பொது. முறை வைத்துத்தான் மோட்டார் போடுவோம். செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை என் முறை. அதைத் தவறவிட்டால் அடுத்த செவ்வாய் வரை செடி வாட வேண்டியதுதான்.

வயலுக்குப் போகும் கண்மாய்க்கரைப் பாதை முழுக்க மணல். செல்லை எடுத்து மணி பார்க்க ஒரு கையை விட்டால் சைக்கிள் சாய்ந்துவிடும். இதை ஒருநாள் போனில் அண்ணனிடம் புலம்பியிருந்தேன்.

எனக்கு ஒரே அண்ணன், காளீஸ்வரன். ராமேஸ்வரத்தில் வேன் ஓட்டுகிறார். சுற்றுலா வருகிறவர்களைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போவார். அய்யாவும் அம்மாவும் போனபிறகு எனக்குப் பிறந்தவீடு என்றால் அவர்தான். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தார். கையில் சிவப்புத் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று.

"ஒன் சைக்கிளுக்குக் கடிகாரம் கொண்டாந்திருக்கேன்த்தா."

உள்ளங்கைக்குள் அடங்கும் கடிகாரம். வெள்ளை முகம், கறுப்பு முள். ஹேண்டில்பாரில் மாட்டுவதற்குப் பின்னால் ஒரு கிளாம்பு. கண்ணாடியில் ஒரு நீளக் கீறல். முள் ஐந்து நாற்பதில் நின்றிருந்தது. நான் சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று மனசு குளிர்ந்துபோனது.

"நீயே மாட்டிக் குடுண்ணே."

"இல்ல, ஒன் கையால மாட்டு."

துணியோடுதான் நீட்டினார். கடைசிவரை அதை விரலால்கூடத் தொடவில்லை. ஸ்பேனரைக் கொடுத்துவிட்டு வேலியோரம் போய் நின்றுகொண்டார். பெல்லுக்குப் பக்கத்தில் வைத்து நட்டை முடுக்கினேன். புது பேட்டரி போட்டேன். ஓட ஆரம்பித்தது. டிக்... டிக்... டிக்...

"ஏத்துக்கிட்டேன்னு வாயால சொல்லு."

"என்னண்ணே, சீர் வாங்குற மாதிரி..."

"சொல்லுத்தா!"

சிரித்துக்கொண்டே சொன்னேன். "ஏத்துக்கிட்டேன்."

அண்ணன் பெருமூச்சு விட்டார். தண்ணீர் கொண்டுவந்தேன், வாங்கவில்லை. அயிரை மீன் குழம்பு வைத்திருந்தேன், உட்காரவில்லை. என் வீட்டில் அவர் கை நனைக்காமல் போனது அதுதான் முதல் தடவை. தெருமுனைவரை கூப்பிட்டுக்கொண்டே போனேன். திரும்பிப் பார்க்கவே இல்லை.

கழிப்புக் கழித்துவிட்டுப் போகிறவர்கள்தான் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தன்னைப் பிடித்த பீடையை வேறு இடத்தில் இறக்கிவைத்துவிட்டு, அந்த இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கு மட்டும் அன்று உறைக்கவில்லை. வந்தது அண்ணன் அல்லவா?

செவ்வாய்க்கிழமை. பதினொன்றரை மணிக்குக் கிளம்பினேன். வயலுக்குக் கால் மணி நேரம்தான். கண்மாய்க்கரை ஏறியதும் சைக்கிள் கனத்தது. டயரில் காற்று இறங்கிவிட்டதா என்று இறங்கி அமுக்கிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. மறுபடி ஏறி மிதித்தேன்.

கருவாட்டு வாடை அடித்தது. கண்மாய் வற்றிக் கிடக்கிறது. சுற்றிலும் சீமைக்கருவேல மரங்கள்தான். கடல் எங்கேயோ இருக்கிறது. இங்கே எப்படிக் கருவாடு?

ணிங்...

பெல் அடித்தது. என் விரல் அதில் இல்லை.

குனிந்து மணி பார்த்தேன். ஐந்து நாற்பது. பேட்டரி நின்றுவிட்டது என்று நினைத்தேன். ஆனால் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டிக்... டிக்... முள் மட்டும் நகரவில்லை.

அப்போதுதான் தரையைப் பார்த்தேன்.

உச்சி வெயில். நிழல் காலடியில் சுருண்டு கிடக்க வேண்டும். என் நிழல் எனக்கு முன்னால் நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. பொழுது சாயும் நேரத்து நிழல்...

அதில் இரண்டு தலை.

காரியரில் யாரோ.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

முதுகில் ஈரமாக ஒரு மூச்சு.

"தாயி..."

மிதித்தேன்.

"இன்னும் நேரமிருக்கு தாயி... ஆசுபத்திரிக்குப் போயிரலாம்..."

டிக்... டிக்... டிக்...

"விட்டுட்டுப் போயிராத..."

கண் விழித்தபோது கிணற்று மேட்டில் கிடந்தேன். பக்கத்து வயல்காரத் தம்பி பிரபு முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் அவன் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"ஒன் முறை முடிஞ்சிருச்சேக்கா. மணி ரெண்டரை. இந்நேரம் வரைக்கும் எங்கன போன?"

கால் மணி நேரப் பாதை. நான் எங்கே போனேன் என்று எனக்கே தெரியாது.

பிரபு சுற்றுமுற்றும் பார்த்தான். "பின்னாடி ஒரு பெரியவரை வச்சு மிதிச்சு வந்தியே... அவரை எங்கக்கா?"

மறுநாள் காலையில் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு ராமேஸ்வரம் பஸ் ஏறினேன். அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி கலைச்செல்விதான் கதவைத் திறந்தார். நான் இன்னும் வாயே திறக்கவில்லை. பைக்குள் கேட்ட சத்தத்திலேயே அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அதை உள்ள கொண்டாராத! ஒனக்குப் புண்ணியமாப் போகும்!"

வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். மாசி மாதம் ஒரு சாயங்காலம், தனுஷ்கோடி ரோட்டில் அண்ணனின் வேன் ஒரு சைக்கிளை அடித்துத் தூக்கியிருக்கிறது. சைக்கிளில் வந்தவர் தங்கச்சிமடத்துப் பெரியவர், கருவாடு விற்கிறவர். வேனில் அப்போது வேறு ஆள் யாரும் இல்லையாம். அண்ணன் இறங்கிப் பார்த்திருக்கிறார். உயிர் இருந்தது. பார்த்துவிட்டு, ஏறிக் கிளம்பி வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால், வேனின் முன்பக்கக் கம்பியில் பெரியவர் சைக்கிளில் இருந்த இந்தக் கடிகாரம் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. எங்கே எறிந்தாலும் மறுநாள் வேனுக்குள் கிடக்குமாம். கடைசியில் குறி சொல்லிப் பேய் ஓட்டும் ஒரு கோடாங்கியிடம் போயிருக்கிறார்.

"ஒரே ரத்தத்துல ஒருத்தர் வாயால ஏத்துக்கிட்டாத்தான் விடும்னு கோடாங்கி சொன்னாரு. எங்களுக்கு இருக்கிறது ஒரே மகன்... மகனா தங்கச்சியான்னு ராத்திரி பூரா முழிச்சுக் கெடந்தாரு."

ஒரு ராத்திரி. என்னைத் தள்ளிவிட என் அண்ணனுக்கு ஒரே ஒரு ராத்திரி போதுமாக இருந்திருக்கிறது. அந்த வாசலிலேயே வயிறு எரியக் கத்தினேன். உள்ளே யாரும் இல்லை.

திரும்பும் வழியில் பாம்பன் பாலத்தில் பஸ் ஜன்னல் வழியாகக் கடிகாரத்தைக் கடலில் வீசினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பெல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நட்டு முடுக்கியபடி இருக்கிறது.

அண்ணன் இன்றுவரை வரவில்லை. போனும் எடுப்பதில்லை. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். சைக்கிளை அவள் தொடாதபடி சங்கிலி போட்டுப் பூட்டிவைத்திருக்கிறேன். தினமும் ஐந்து நாற்பதுக்குக் கொட்டகையில் பெல் அடிக்கிறது.

அன்று வாசலை விட்டுக் கிளம்பும்போது அண்ணியிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். ரோட்டில் கிடந்த பெரியவர் அண்ணனிடம் ஏதாவது பேசினாரா?

பேசியிருக்கிறார். அண்ணியைத் தவிர யாரிடமும் அண்ணன் அதைச் சொன்னதில்லை.

"இன்னும் நேரமிருக்கு தம்பி... ஆசுபத்திரிக்குப் போயிரலாம். விட்டுட்டுப் போயிராத..."

இப்போதெல்லாம் பெல் அடித்தால் நான் ஓடி ஒளிவதில்லை. எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் போனது ஒரே ஆள்தான்.