புள்ளி வைத்த டம்ளர்

எங்கள் கம்பெனியில் படம் வரைகிறவள் என்றால் அது நான்தான். ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு ஒயர் கட்டிக் கொடுக்கும் கம்பெனி அது. வருஷா வருஷம் பாதுகாப்பு வாரத்துக்குப் படப்போட்டி வைப்பார்கள். கையுறை, கண்ணாடி, வெட்டுப்பட்ட விரல் என்று எதையாவது வரைந்து முதல் பரிசை வாங்கிக்கொண்டு போவேன். மத்திகிரியில் என் வாடகை வீட்டு அலமாரியில் பரிசாக வந்த ஐந்து டிபன் கேரியர்கள் வரிசையாக இருந்தன. ஒன்றில்கூட நான் சோறு கட்டியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் எய்ட்ஸைப் பற்றி வரையச் சொன்னார்கள். எல்லை செக்போஸ்ட்டில் லாரிகள் மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும் ஊர். எங்கள் கம்பெனி டிரைவர்களும் அந்த வரிசையில் நிற்பவர்கள்தான். நான் ஒரு மண்டை ஓடு போட்டு, அதைச் சுற்றிப் பாம்பு போட்டு, கீழே ரத்தம் சொட்டுகிற மாதிரி எழுத்தும் எழுதினேன். பாம்பின் செதில்களுக்கு மட்டும் மூன்று நாள் ஆனது.

என் பக்கத்தில் நின்று ஒயர் கட்டுகிற ஒருத்தி, தளிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள், அந்த வருஷம் முதல் தடவையாகப் பெயர் கொடுத்தாள். புருஷன் செத்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

"நீயுமா?" என்று சிரித்தேன்.

"சும்மாதான்க்கா" என்றாள்.

அவள் படத்தில் ஒரு சமையலறை அலமாரி. ஆறு எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றாகக் கவிழ்த்து வைத்திருந்தன. ஏழாவது மட்டும் தள்ளி, ஜன்னல் ஓரமாக. அதன்மேல் நகப்பூச்சில் ஒரு சிவப்புப் புள்ளி. எழுத்து ஒன்றுமே இல்லை. என் பாம்பைப் பார்த்து "ஐயோ" என்று சொல்லிவிட்டு நகர்ந்தவர்கள், அவள் படத்தின் முன்னால் நின்றுவிட்டார்கள். டிபன் கேரியர் அவளுக்குப் போனது.

எனக்கு வயிறு எரிந்தது. டம்ளர் விளிம்பில் ஒரே இழுப்பில் வெள்ளை விட்டிருந்தாள், எவர்சில்வர் அப்படியே மின்னியது. அந்த இழுப்பு என் கைக்கு வராது. அது எனக்கே தெரிந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

கேன்டீனில் அவள் இல்லாத நேரத்தில் வாயை விட்டேன்.

"சும்மா உக்காந்து யோசிச்சா இதெல்லாம் வருமா? வூட்ல நடந்திருந்தாத்தான் வரும். அவ புருஷன் எப்படிச் செத்தான்னு யாராச்சும் கேட்டீங்களா?"

அவன் எப்படிச் செத்தான் என்று எனக்கும் தெரியாது. அவள் வரைந்ததை எப்படியாவது சின்னதாக்க வேண்டும், அவ்வளவுதான். நாலு பேர் தட்டிலிருந்து நிமிர்ந்தார்கள். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

மூன்று நாளில் அவள் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காராமல் ஆனது. நாலாம் நாள் கேன்டீனில் ஒரு டம்ளர் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தது, சிவப்புப் புள்ளியோடு. யார் வைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. அவள் அதைப் பார்த்தாள். எடுத்துத் தண்ணீர் பிடித்துக் குடித்தாள், கழுவினாள், இருந்த இடத்திலேயே கவிழ்த்தாள். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. நான் அதற்கப்புறம் தூரிகையைத் தொடவில்லை.

இரண்டு மூன்று வருஷம் கழித்துக் கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். எய்ட்ஸ் வந்த பெண்கள் வரைந்த படங்களுக்கென்று அங்கே ஒரு கடை போட்டிருந்தார்கள். விற்கிற காசு அவர்கள் மருந்துக்கு என்று அட்டையில் எழுதியிருந்தது. மேசைக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள், பாதியாக இளைத்து. நழுவிவிடலாம் என்று திரும்புவதற்குள் பார்த்துவிட்டாள்.

"வாங்கக்கா. இப்பவும் வரையறீங்களா?"

"இல்ல, வுட்டுட்டேன்."

அப்போதுதான் அவள் தலைக்கு மேலே மாட்டியிருந்த பெரிய படத்தைக் கவனித்தேன். எங்கள் கேன்டீன். பெண்கள் எல்லோரும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். கோடியில் ஒருத்திக்கு மட்டும் முகம் உண்டு. அவள் வாய் பாதி திறந்திருக்கிறது. என் முகம், என் மூக்குத்தி.

நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"நீங்கதான்க்கா. நீங்க பேசினதை அன்னைக்கே வந்து சொல்லிட்டாங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை. "மொகம் சரியா வந்திருக்குதா? வரையத் தெரிஞ்சவங்க நீங்கதான் சொல்லணும்."

மன்னித்துவிடு என்று சொல்ல வேண்டிய இடம் அது. அந்த வார்த்தை தொண்டை வரை வந்ததும் உண்மை. ஆனால் என் கண் மூக்குத்தியிலேயே நின்றது. ஒரே ஒரு வெள்ளை இழுப்பு, அது மின்னியது. மறுபடியும் வயிறு எரிந்தது.

"மூக்குத்தி நல்லா வந்திருக்குது" என்றேன்.