பிறந்த வருடத்து நாணயங்கள்

மெக்கானிக்கிடம் ஒரு பொருளை விற்று லாபம் பார்த்த கடைக்காரன் அந்தத் தெருவில் கிடையாது. ஒரு குடை வாங்கப் போனாலும் நாலு தடவை விரித்து மடக்குவார். கம்பியில் துரு இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். ஆளை விட்டால் போதும் என்று கடைக்காரன் கும்பிடும் விலைக்கு வாங்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் வீட்டுக்கு வருவார். துணி ஆலையில் தையல் மெஷின்களைப் பழுது பார்க்கிறவர். எதற்கு என்ன அடக்கவிலை என்பது அவருக்கு அத்துப்படி. அப்பேர்ப்பட்ட மனிதர், தபாலில் நாணயம் விற்கும் ஒரு கம்பெனிக்கு மட்டும் கேட்ட விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்தார் என்றால், அவர் மனைவி மூக்கின் மேல் விரல் வைத்ததில் என்ன தப்பு?

மகன் பிறந்தபோது ஆரம்பித்தது அது. செய்தித்தாளுக்குள் வைத்து வந்த வழவழப்பான விளம்பரத் தாள் ஒன்றில், குழந்தை பிறந்த வருடத்தில் அச்சடித்த நாணயங்களை, யார் கையும் படாதவையாக, சின்னதிலிருந்து பெரியது வரை ஒன்றுவிடாமல், மரச்சட்டத்துக்குள் கண்ணாடி போட்டு அனுப்புவதாகப் போட்டிருந்தது. அத்தனை நாணயத்தையும் கூட்டினால் இரண்டு பேர் டீ குடிக்கலாம். கம்பெனி கேட்டதோ ஒரு மாத வீட்டு வாடகை. மனைவியின் அண்ணன் ஒரு வங்கியில் காசாளர்; பார்சல் வந்த அன்று அவரும் இவர்கள் வீட்டில்தான் இருந்தார். மாப்பிள்ளை தலையில் நன்றாக மிளகாய் அரைத்துவிட்டார்கள் என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஏமாத்துறாங்கன்னு தெரியும் மச்சான். தெரிஞ்சுதான் வாங்கினேன்” என்றார் மெக்கானிக். சட்டத்தை மகனின் தொட்டிலுக்கு மேலே மாட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர்களுக்கு வேறு குழந்தை தங்கவில்லை. மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, குழந்தைகள் இல்லத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தாள். எப்போது பிறந்தாள் என்று யாருக்கும் தெரியாது. இல்லத்து டாக்டர் பல்லைப் பார்த்து, மூன்று வயது இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம், நாலைத் தொட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை என்றார். எழுதுவதற்கு ஒன்று வேண்டுமே என்று மூன்று என்று எழுதிக் கொடுத்தார். வந்த ஒரே மாதத்தில் வீட்டையே தலைகீழாக்கிவிட்டாள். எல்லோருக்கும் அவள் சின்னக்குட்டி ஆனாள்.

ஆனால் அவள் கட்டிலுக்கு மேலே சுவர் வெறுமையாகவே இருந்தது. மனைவி அதை ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தாள். “பாக்கலாம்” என்பார், பேச்சு அங்கேயே நிற்கும். பெற்ற பிள்ளைக்கு ஒரு மாதிரி, வந்த பிள்ளைக்கு ஒரு மாதிரியா? இந்த மனுஷனா அப்படி? அவளால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. வருடங்கள் போகப் போக அந்தச் சந்தேகம் அவளை அரித்தது. கணவன்மேல் அவளுக்கு இருந்த மதிப்பெல்லாம் அந்த வெற்றுச் சுவரில் வந்து முட்டி நின்றது.

ஒரு நாள் சாயங்காலம் சின்னக்குட்டியே கேட்டுவிட்டாள், எனக்கு ஏன் காசுப் படம் இல்லை என்று. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். குழந்தைகளை வெளியே விளையாட அனுப்பினாள். அன்று அவள் பேசிய பேச்சை அந்த மனிதர் ஆயுசுக்கும் மறந்திருக்க மாட்டார்.

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். பீரோவுக்கு மேலே பழைய போர்வைக்குள் சுற்றி வைத்திருந்த இரண்டு சட்டங்களை இறக்கிக் கட்டில்மேல் வைத்தார். இரண்டு வெவ்வேறு வருடங்கள். பெண் வீட்டுக்கு வந்த வருடமே வாங்கியவை. மூன்று வயதென்றால் அவள் பிறந்திருக்கக்கூடிய வருடம் ஒன்று, இரண்டென்றால் இன்னொன்று. நாலு வயதாக இருந்தால் என்ன வருடமோ, அதுதான் கிடைக்கவில்லை. அந்த வருடம் நாணயச் சாலையில் மெஷின்களை மாற்றிக்கொண்டிருந்ததால் கொஞ்சம்தான் அச்சடித்தார்களாம். மற்றதைப்போல எட்டு மடங்கு விலை சொன்னது கம்பெனி. அந்த ஒரு முறை மட்டும் அவர் பேரம் பேசிப் பார்த்திருக்கிறார். கம்பெனி மசியவில்லை.

மனைவிக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதிக்குக் கோபம் வந்தது. இதில் ஒன்றை மாட்டியிருக்கக் கூடாதா, பள்ளிக்கூடத்தில் கொடுத்த வருடமே இருக்கிறதே, அவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று கேட்டாள்.

“அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது” என்றார் மெக்கானிக். “நாம விட்ட வருஷத்துல அவ பொறந்திருந்தா என்னம்மா பண்றது?”

இப்படி ஒருத்தரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் தங்கவில்லை. விட்டுப்போன வருடத்துச் சட்டத்துக்குப் பணம் சேர்க்க, பையை எடுத்துக்கொண்டு தையற்கடை தையற்கடையாகப் போய் மெஷின் பழுது பார்த்தார். புது அடுப்பு வாங்கச் சேர்த்து வைத்திருந்ததை அவளாகவே எடுத்து நீட்டினாள். அண்ணன் கேள்விப்பட்டு, மாப்பிள்ளைக்குத்தான் பைத்தியம் என்றால் உனக்குமா தொற்றிக்கொண்டது என்று திட்டினார். திட்டட்டும் என்று விட்டுவிட்டாள். மழைக்காலம் முடிவதற்குள் மூன்றாவது பார்சல் வந்தது.

மாட்டுகிற நேரம் வந்ததும் அவளுக்கு வேறு பயம் பிடித்தது. ஒரு பெண்ணுக்கு மூன்று வருடத்துச் சட்டங்கள் என்றால் வருகிறவன் போகிறவனெல்லாம் காரணம் கேட்பானே. இவள் எங்கே எப்போது பிறந்தாள் என்று தெரியாது என்பதை நாமே சுவரில் எழுதி ஒட்டுவதுபோல ஆகாதா? மெக்கானிக் அதற்கெல்லாம் அசரவில்லை. சின்னக்குட்டியைக் கூப்பிட்டு ஆணியைக் கையில் கொடுத்து, ஏன் மூன்று என்பதை மறைக்காமல் அவளிடம் சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக மாட்டினார். அவள் காது கொடுத்துக் கேட்டாளா, ஆணியை எண்ணிக்கொண்டிருந்தாளா என்று அம்மாவுக்குப் பிடிபடவில்லை.

பயந்தது போலவே நடந்தது. அடுத்த விடுமுறைக்கு அண்ணன் வந்தார். வந்தவர் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை, சுவரைப் பார்த்துவிட்டு, இதென்ன கண்காட்சியா, ஒரு பிள்ளைக்கு எதற்கு மூன்று என்று குழந்தைகள் முன்னாலேயே கேட்டார். பெரியவனுக்கும் அதே ஆற்றாமைதான். தனக்கு ஒன்று, இவளுக்கு மட்டும் மூன்றா என்று ஏற்கனவே மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தான். எல்லாரும் ஒரு வருடத்தில்தானே பிறப்பார்கள் என்று மாமாவோடு சேர்ந்துகொண்டான். பேச்சை மாற்ற, காபி போடட்டுமா என்று அம்மா அண்ணனைக் கேட்டுப் பார்த்தாள்.

சின்னக்குட்டி கட்டில்மேல் ஏறி நின்றாள்.

“நானும் ஒரு வருஷத்துலதான் பொறந்தேன் மாமா. அது எதுன்னு யாருக்கும் தெரியாது” என்றாள். “அதான் எங்க அப்பா எதையுமே விடல.”

பெருமையாகத்தான் சொன்னாள். அண்ணன் மாப்பிள்ளையைப் பார்த்தார். விலை எவ்வளவு என்று அன்று அவர் கேட்கவே இல்லை.