சட்டி நாட்டாமை

என் கணவர் ஓனுகி யோஷிஹாருவைப் பற்றி அவருடைய டிரைவிங் ஸ்கூலில் யாரைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "அவரா? சட்டி நாட்டாமை ஆச்சே!" என்பார்கள்.

மற்றபடி அவர் சத்தம் போடத் தெரியாத மனிதர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பழக வந்த பிள்ளைகள் வண்டியை நேராக லாரிக்கு முன்னால் கொண்டுபோய் விட்டால்கூட, "பரவாயில்லை, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே தன் பக்கத்துப் பிரேக்கை மிதிப்பார். ஆனால் எல்லோரும் சேர்ந்து வேகவைத்துச் சாப்பிட மேசை நடுவில் சட்டி வைத்து, சாறு கொதி வந்துவிட்டால் ஆள் வேறு. கரண்டி அவர் கைக்குப் போய்விடும். எதை எப்போது போடுவது, எது வெந்தது, யார் கிண்ணத்தில் எது விழுவது, எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். ஒருமுறை நம்பா என்கிற சக ஆசிரியர் இரண்டு இறாலைச் சட்டியில் போடப் போக, இவர் அந்தக் கையையே தட்டிவிட்டாராம். "இது இறைச்சி வேகுற சாறுய்யா! இறாலைப் போட்டா ருசியே போயிடும்" என்று அதட்டல் வேறு. இப்படி ஒரு நாட்டாமை ஜப்பானில் எங்கள் குராஷிகி ஊரில் எல்லா மேசையிலும் உண்டு. ஜனங்கள் அவர்களை வைவார்கள், கேலி செய்வார்கள், ஆனாலும் கரண்டியை விட்டுக்கொடுத்துவிடுவார்கள். அதனால் இவர்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

உண்மை எனக்கு மட்டும்தான் தெரியும். அது நாட்டாமையும் இல்லை, ருசியும் இல்லை. பயம். இறால் அவருக்கு விஷம். இறால் வெந்த சாறு ஒரு வாய் உள்ளே போனாலே தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். கரண்டி தன் கையில் இருந்தால்தான் இறால் சட்டிக்குள் விழாமல் பார்த்துக்கொள்ள முடியும். அதற்காகத்தான் அத்தனை அதட்டலும்.

"எனக்கு ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்ன?" என்று கல்யாணமான நாளிலிருந்து சண்டை போட்டிருக்கிறேன்.

"என் ஒருத்தனுக்காக மேசையில இருக்கிற அத்தனை பேரும் வாயைக் கட்டணுமா? எல்லாருக்கும் தொந்தரவு" என்பார். அதற்குமேல் பேச்சு கிடையாது.

அவர் சின்ன வயதில் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டில் மிச்சம் வைக்கக் கூடாது என்று சட்டம். இறாலைத் தொடாமல் உட்கார்ந்திருந்த பையனை, தட்டு காலியாகும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று ஆசிரியை உட்கார்த்திவைத்தாள். மற்ற பிள்ளைகள் விளையாடப் போய்விட்டார்கள். இவர் அழுதுகொண்டே தின்றார். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அவருடைய அம்மா கட்டிலருகே நின்று, வகுப்பு கெட்டுப்போனதற்காக அந்த ஆசிரியையிடமே குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இருக்காது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

ஸ்கூல் விருந்து என்று அவர் கிளம்பும் சாயங்காலங்களில் நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போன் அடித்தால் எடுக்கவே கை வராது. செருப்புச் சத்தம் வாசலில் கேட்டால்தான் அடுப்பைப் பற்றவைப்பேன்.

போன குளிர்காலத்தில் ஸ்கூலுக்கு மியாகே என்று புதுப் பிரின்சிபால் வந்தார். நல்ல மனிதர். நல்லவர்களிடம்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்று அவரால் தெரிந்துகொண்டேன். வந்த கையோடு எல்லோரையும் குடும்பத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷாபு ஷாபு என்கிற சட்டிச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்தார். நெடுஞ்சாலை ஓரத்துக் கடை. குறித்த நேரத்துக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம், ஆனால் வாங்கியதை மிச்சம் வைத்தால் அபராதம். ஆசிரியர்களுக்கு ஒரு நீள மேசை, அடுத்த மேசை மனைவிமாருக்கு. பிள்ளைகள் எல்லாம் ஐஸ்கிரீம் இயந்திரத்தைச் சுற்றி நின்றார்கள். என் கணவரின் கைகள் தெரிகிற இடமாகப் பார்த்து நான் உட்கார்ந்தேன். மூச்சடைத்தால் தொடையில் குத்த வேண்டிய ஊசி என் கைப்பையில் இருந்தது.

வழக்கம்போல் அவர் கரண்டியை எடுத்தார். மியாகே சிரித்துக்கொண்டே அதை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டார்.

"ஓனுகி-சான், இன்னிக்கு உங்களுக்கு ஓய்வு. வருஷக்கணக்கா எல்லாருக்கும் போட்டுப் போட்டே உங்க வயிறு காயுதுன்னு நம்பா-சான் சொன்னாரு. நான் போடுறேன், நீங்க சாப்பிடுங்க."

"ஐயையோ, வேண்டாம் சார். எனக்கு இதுதான் பழக்கம்…"

"நாட்டாமை பதவி பறிபோச்சுடோய்!" என்று நம்பா கைதட்டினார். மேசை முழுக்கச் சிரித்தது.

பாதியாகப் பிளந்த பச்சை மூங்கிலில் அரைத்த இறால் வந்தது, இளஞ்சிவப்பாக, வழவழவென்று. மியாகே அதைச் சின்ன மரக்கரண்டியால் வழித்து, உருண்டை உருண்டையாகச் சட்டிக்குள் தள்ளினார். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. நெற்றியில் மட்டும் வியர்வை.

"முதல் கிண்ணம் உங்களுக்கு" என்று மியாகே இரண்டு கையாலும் நீட்டினார். பிரின்சிபால் தன் கையால் போட்டுக் கொடுத்ததை எங்கள் ஊரில் வேண்டாம் என்று எவன் சொல்வான்? இவர் சொல்லவே மாட்டார். எனக்குத் தெரியும்.

எழுந்து போய் அந்தக் கிண்ணத்தை நடுவிலேயே வாங்கிக்கொண்டேன். "மன்னிக்கணும் பிரின்சிபால் சார், எங்க சட்டி கொதிக்கவேயில்ல. பசி கண்ணை மறைக்குது" என்று சொல்லி, நின்றபடியே குடித்துத் தீர்த்தேன். நாக்கு வெந்துவிட்டது.

"ஓனுகி-சான் வீட்டுல சோறு போடுறதில்லையா?" என்று யாரோ கேட்டார்கள். இன்னொரு சிரிப்பு.

இரண்டாவது கிண்ணம் நிரம்பியது. அதையும் வாங்கினேன். நம்பா விடவில்லை. "பந்திக்கு முந்துங்கன்னுதான் சொல்வாங்க சயோகோ-சான், அதுக்காகப் புருஷன் பந்தியிலயேவா கை வைப்பீங்க?"

நானும் சிரித்தேன். என் மேசையில் நம்பாவின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னது கண்ணில் பட்டது. தின்னிப் பண்டாரம் என்று பேசிக்கொள்ளட்டும், எனக்கென்ன. ஆனால் எத்தனை கிண்ணத்தை நான் குடிப்பது? வேண்டுமட்டும் தின்னலாம் என்கிற கடையில் கிண்ணத்துக்கு முடிவு ஏது? மிச்சம் வைக்கக் கூடாதென்று மியாகே இறால் உருண்டைகளைத் தேடித் தேடி எடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது கிண்ணத்தை நான் தொட முடியாதபடி மியாகே என் கணவர் முன்னால் கொண்டுபோய் வைத்தார். சிரிப்பு குறைந்திருந்தது.

"ஓனுகி-சான், நான் புதுசா வந்தவன். உங்களை மாதிரிப் பெரியவங்க மனசுல எனக்கு ஒரு இடம் வேணும்னுதான் இந்த விருந்தே. நான் போட்டா நீங்க சாப்பிட மாட்டீங்களோ?"

என் கணவர் குனிந்து வணங்கினார். "ரொம்ப சந்தோஷமா சாப்பிடுறேன் சார்" என்றார். இறாலை ஒதுக்கிவிட்டு, அதே சாற்றில் வெந்த ஒரு துண்டு சோயாக் கட்டியைக் குச்சியால் எடுத்தார். சாறு சொட்டியது. அது உதட்டுக்குப் பக்கத்தில் போயிற்று. இந்த மனிதர் சாகத் தயாராகிவிட்டார், ஆனால் ஒருவர் முகம் கோணப் பார்க்கத் தயாரில்லை என்று அந்த நொடியில் புரிந்தது.

ஓங்கித் தட்டினேன். குச்சி ஒரு பக்கம், கிண்ணம் ஒரு பக்கம் பறந்தது. சுடுசாறு மியாகேயின் சட்டையெல்லாம்.

கடையே திரும்பிப் பார்த்தது. என் கணவர் எழுந்து, தலை மேசையைத் தொடுமளவு குனிந்தார். "என் மனைவி செஞ்சதுக்கு மன்னிச்சிடுங்க. அவளுக்கு உடம்பு சரியில்லை…"

அப்போதும் மறைத்தார். எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது.

"சொல்லுங்க" என்றேன். "இல்லேன்னா நான் சொல்றேன்."

அவர் குனிந்தபடியே நின்றார். பிறகு சட்டியைப் பார்த்தே சொன்னார்: "எனக்கு இறால் ஆகாது. சாப்பிட்டா மூச்சு நின்னுடும். இவ்வளவு நாளா உங்களை ஏமாத்திட்டேன். தொந்தரவுக்கு மன்னிக்கணும்."

"தலையை நிமிர்த்துங்க!" என்று கத்தினேன். "சாகாம இருந்ததுக்கு யாராவது மன்னிப்புக் கேப்பாங்களா?"

மியாகே கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். அதை மெதுவாகக் கீழே வைத்தார். "நான் கொன்னிருப்பேனே" என்று மட்டும் சொன்னார். சட்டையில் சாறு வழிந்தது, துடைக்கவில்லை.

நம்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "அன்னிக்கு என் கையைத் தட்டினது…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "ஏன்யா, என்கிட்டகூடவா சொல்லக் கூடாது? பின்னாடி எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா?"

இறால் சட்டியை எடுத்துப் போகச் சொல்லி, மேசையைத் துடைத்து, புதுச் சட்டியும் புதுக் கரண்டியும் கொண்டுவந்தார்கள். சாறு கொதி வந்தது. ஒருவரும் அதில் கைவைக்கவில்லை. "இந்தத் தட்டு அதுல பட்டிருக்குமோ?", "என் குச்சி பட்டதுதானே, மாத்திடட்டுமா?" என்று மெல்லிய குரலில் கேட்டுக்கொண்டார்கள். வளர்ந்த மனிதர்கள், நாளெல்லாம் ரோட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்கள், ஒரு சட்டியைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். இது அவர்களுக்கு வரக் கூடாதென்றுதான் அவர் அத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை. எல்லோருக்கும் மிச்சம் பிடித்த தொந்தரவை மொத்தமாகக் கொண்டுவந்து என் ஒருத்தி மடியில் கொட்டியிருந்தார்.

கைப்பையைத் திறந்து ஊசியை எடுத்தேன். நம்பாவின் கையில் வைத்தேன்.

"இது ஸ்கூல்ல உங்ககிட்ட இருக்கட்டும். தொடையில குத்தணும், பேன்ட்டுக்கு மேலேயே குத்தலாம். குத்திட்டு உடனே எடுக்கக் கூடாது, அழுத்திப் பிடிச்சுக்கணும். அப்புறம்தான் ஆம்புலன்ஸுக்குப் போன்."

"நானா?" என்றார் நம்பா. "கை தவறிப்போச்சுன்னா?"

"எனக்கும் அந்தப் பயம்தான்" என்றேன்.

அவர் அதை முட்டையைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விரல்கள் நடுங்கின. ஒரு மனிதர் பயந்து நடுங்குவதைப் பார்த்துச் சந்தோஷப்படுவது பாவம்தான். ஆனால் எனக்கு அப்போது அழுகை வருமளவு சந்தோஷமாக இருந்தது.