சோறு தின்னாத சேவுகர்

நெல்லை அதிகமாக விளைவிப்பது எப்படி என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்வது என் உத்தியோகம். அந்த நெல்லில் ஒரு பருக்கையைக்கூட வாயில் வைக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. இந்த இரண்டையும் ஒரே உடம்பில் சுமந்துகொண்டு, உத்திரமேரூரைச் சுற்றியிருந்த கழனிகளுக்கெல்லாம் மூன்று மாதம் சைக்கிள் மிதித்தேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. கிராம சேவக் என்று ஒரு வேலை அப்போது புதிதாக வந்திருந்தது. நாற்றை இறைத்தாற்போல் நடாதே, கயிறு பிடித்து வரிசையாக நடு. எருவோடு வெள்ளை உரமும் போடு. இதைத்தான் நான் சொல்ல வேண்டும். வெள்ளை உரம் என்றால் அமோனியம் சல்பேட். பார்க்க உப்பு மாதிரி இருந்ததால் ஜனங்கள் அதைச் 'சீமை உப்பு' என்றார்கள். கிராம சேவக் என்பதும் அவர்கள் வாயில் நுழையவில்லை. நான் 'சேவுகர்' ஆகிவிட்டேன்.

நான் குண்டு. அந்தக் காலத்தில் அது வியாதி இல்லை, வசதி. நான் ஏறி உட்கார்ந்தால் சைக்கிள் சீட்டின் ஸ்பிரிங் ஒரு முனகல் முனகும். அதைக் கேட்டே சேவுகர் வந்துவிட்டார் என்று கழனியில் தெரிந்துகொள்வார்கள். போகிற வீட்டில் எல்லாம் இலை போடுவார்கள். நானும் யார் மனதையும் நோகடித்ததில்லை.

வேலை தற்காலிகம்தான். நிரந்தரமாக வேண்டுமானால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். ஐப்பசியில் செங்கல்பட்டுக்குப் போனேன். டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீரை ஊற்றி, அதில் என் மூத்திரத்தை எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார். நீலம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை என்று அர்த்தமாம். என்னுடையது பச்சையாயிற்று, மஞ்சளாயிற்று, கடைசியில் சூளையில் வெந்த செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

"உன் மூத்திரத்துல பாயசமே வைக்கலாம்யா" என்றார் டாக்டர். நல்ல மனிதர். உடனே தள்ளிவிடாமல் மூன்று மாதம் தவணை கொடுத்தார். "சோறு, இட்லி, களி, கிழங்கு, வெல்லம், பழம், ஒண்ணும் கூடாது. முட்டை, கறி, மீன், கீரை, கத்திரிக்காய் எல்லாம் தின்னு. நெய்யில செஞ்சு தின்னு, வயிறு ரொம்பத் தின்னு. உடம்பும் இளைக்கும். தை கடைசியில வா. தண்ணி நீலமா நின்னா கையெழுத்து. இல்லைன்னா வேற வேலை பாத்துக்க."

நெய் தின்றால் இளைக்கும் என்று ஒருவர் சொல்லி அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். என் மனைவி நம்பவே இல்லை.

"எளைக்கறதுக்கு நெய்யா? எங்க அக்கா புள்ள பெத்தப்போ ஒடம்பு தேர்றதுக்குத்தான நெய் குடுத்தாங்கோ? நீங்கோ சரியா காதுல வாங்குனீங்களா?"

சரியாகத்தான் வாங்கினேன். விஷயம் வெளியே தெரியக் கூடாது என்றும் அவளிடம் சொன்னேன். சேவுகருக்குச் சர்க்கரை வியாதி என்று ஆபீசில் யாராவது எங்கள் மேலதிகாரி பி.டி.ஓ. காதில் போட்டால் தவணையாவது ஒன்றாவது! என் இடத்துக்கு ஏற்கெனவே இரண்டு பேர் மனுப் போட்டிருந்தார்கள்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது. காலை நாஷ்டாவுக்கு நெய்யில் பொரித்த நான்கு முட்டை. மத்தியானம் கொழுப்போடு ஆட்டுக்கறி, இல்லாவிட்டால் ஏரி மீன். ராத்திரிக்கு வெண்ணெய் போட்ட கீரை. கேட்கிறவர்களுக்கு ராஜபோகம்தான். எனக்கோ இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும் அழுகை வரும். குழம்பு இருக்கிறது, பிசைவதற்கு ஒன்றும் இல்லை. என் வலது கை பிறந்ததிலிருந்து செய்துவந்த வேலை பறிபோய், கத்திரிக்காயைப் போட்டுப் பிசைந்துகொண்டிருக்கும். பொங்கல் அன்று புதுப் பானையில் பொங்கியதிலிருந்து முந்திரியை மட்டும் பொறுக்கி, ஒட்டியிருந்த பருக்கைகளைத் துடைத்துவிட்டு எனக்கு வைத்தாள். அன்றைக்கு அவள்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

எல்லாம் அப்படியே போயிருக்கும். கெடுத்தது காக்கை.

வீட்டுக்காரர் எதைச் சாப்பிடுகிறாரோ அதைத்தான் காக்கைக்கு முதலில் வைக்க வேண்டும் என்பது என் மனைவியின் சட்டம். ஆகவே தினமும் தெரு எழுந்திருப்பதற்கு முன்பே கூரையில் முட்டைப் பொரியல் வைத்தாள். முதலில் இரண்டு காக்கை வந்தது. கார்த்திகையில் இருபது. மார்கழியில் எங்கள் கூரையில் ஓடு எது, காக்கை எது என்று தெரியாது. நான் இளைத்துக்கொண்டே வந்தேன், அவை தடித்துக்கொண்டே வந்தன. பறக்கிற பழக்கமே அவற்றுக்குக் குறைந்துபோய்விட்டது.

தை அமாவாசை வந்தது. பக்கத்து வீட்டு அம்மா செத்துப்போன மாமனாருக்குப் படைத்து, சோற்றைக் கூரையில் வைத்துவிட்டுக் காக்கையைக் கூப்பிட்டார். ஒன்றும் வரவில்லை. எல்லாம் எங்கள் கூரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அமாவாசை என்பதால் அன்று எங்கள் வீட்டில் முட்டை கிடையாது. ஆனால் அது காக்கைகளுக்குத் தெரியாதே.

"ரெண்டு நாழியா கூவிக்கினு கீறேன்" என்று அந்தம்மா தெருவில் நின்று அழுதார். "சோத்த மோந்துகூட பாக்க மாட்டேங்குது. எங்க மாமனாருக்கு இன்னா கோவமோ!"

கோபம் மாமனாருக்கு இல்லை என்று தெருவே கூடி முடிவு செய்தது. காக்கையும் சோறு தின்பதில்லை. சேவுகரும் மூன்று மாதமாக யார் வீட்டிலும் சோறு தொடுவதில்லை, ஆளும் பாதியாகிவிட்டார். ஆகவே சோற்றில்தான் என்னவோ இருக்கிறது. என்ன இருக்கிறது? இந்த வருஷம் புதிதாகப் போட்டது எது? சீமை உப்பு.

நான்கு நாளில் இது திருப்புலிவனம் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு பெரிய விவசாயி இருந்தார். முதன்முதலில் என் பேச்சைக் கேட்டு இரண்டு காணியில் உரம் போட்டவர் அவர்தான். விளைச்சல் அமோகம், களம் நிறைந்துவிட்டது. அறுப்பு அறுத்த ஆட்களுக்குக் கூலி நெல்லாகத்தான் கொடுப்பது வழக்கம். அவர்கள் அந்த நெல்லை வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் நேராக ஆபீசுக்கு வந்தார். பி.டி.ஓ.வுக்கு எதிரிலேயே என்னைக் கேட்டார். "சேவுகரே, உப்பு போடுன்னு தொண்ட கியிய சொன்னது நீ. அந்த சோத்த நீயே துன்ன மாட்டேங்கிறியாமே? எம்மாம் பேஜார் பண்ணி வெச்சிகீற தெரியுமா? எட்டு நாளா நெல்லு களத்துல கெடக்குது. ஒருத்தனும் தொட மாட்டேங்கிறான்."

பி.டி.ஓ. என்னைப் பார்த்தார். "ஏன்யா சாப்பிட மாட்டேங்கிற?"

காரணம் சொன்னால் வேலை போகும். "அப்படியெல்லாம் ஒன்றுமில்லை சார்" என்றேன்.

"அப்ப நாளைக்கு மத்தியானம் அவர் களத்துல, எல்லா ஆளுங்களும் பாக்க, அந்த நெல்லுச் சோத்த வயிறார சாப்பிட்டுக் காட்டிட்டு வா. நாளன்னிக்கு நீ செங்கல்பட்டு போவணும்ல? அதுக்குள்ள இத முடி."

ஆக, முந்தின நாள் மூக்குப் பிடிக்கச் சோறு, மறுநாள் காலையில் நீலத் தண்ணீர். சாப்பிட்டால் நாளை மறுநாள் வேலை போகும். சாப்பிடாவிட்டால் நாளைக்கே போகும். வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். மயக்கம் வந்தமாதிரி விழுந்துவிடும்படி என் மனைவி யோசனை சொன்னாள். சோற்றைப் பார்த்ததுமே சேவுகர் மயங்கி விழுந்தார் என்றால் திருப்புலிவனத்தில் விதைநெல்லைக்கூடக் கொளுத்திவிடுவார்கள் என்றேன். மறுநாள் மத்தியானம் சைக்கிளை எடுத்தேன்.

களத்தில் ஐம்பது பேர் நின்றிருந்தார்கள். நடுவில் எனக்கு ஒரு பலகை, தலைவாழை இலை. புது நெல் குத்திய சோறு, ஆவி பறக்கக் கொட்டினார்கள். முருங்கைக்காய் சாம்பார். ஆட்கள் முன்வரிசையில் நின்று என் வாயையே பார்த்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி ஓர் அம்மா உண்டு. என் வயதுதான். நடவானாலும் அறுப்பானாலும் அந்தம்மா சொன்னால்தான் ஆட்கள் கழனியில் இறங்குவார்கள். வாய் கொஞ்சம் நீளம்.

பிசைந்தேன். மூன்று மாதம் வேலையில்லாமல் கிடந்த கை தானாகவே உருட்டியது. புதுச் சோற்றின் வாசனை மூக்கில் ஏறியதும் வேலை, டாக்டர், செங்கல் நிறம் எல்லாம் மறந்துவிட்டது. உருண்டை வாய்க்குப் பக்கத்தில் வந்தபோது என் வாயோரத்தில் எச்சில் வழிந்து சட்டைமேல் விழுந்தது.

அந்தம்மா சிரித்தாள்.

"வெச்சிடு சாரு, கீய வெச்சிடு. வெசத்துக்குப் பயந்தவன் மூஞ்சியா இது? ஆசையில எச்சி வுயுது. இப்பத்தான் எனுக்குப் புரியுது."

"இன்னா புரியுது உனுக்கு?" என்று விவசாயி கத்தினார்.

"மோட்டார் கொட்டாவுக்குப் பின்னால போய் எறும்ப கேளு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கொட்டகைக்குப் பின்னால்தான் நான் வழக்கமாக ஒதுங்குவேன்.

"ஐப்பசியில சாரு அங்க ஒதுங்கிட்டுப் போனா, அப்பால எம்மாம் எறும்பு தெரியுமா? திருநாளு கணக்கா கூடிக்கினு இருக்கும். எங்க நாத்தனா வூட்டுக்காரருக்கும் இப்டித்தான், சக்கர வியாதி. அவருக்கும் சோறு கூடாதுன்னுட்டாங்கோ. இப்ப பொங்க கயிச்சி பாத்துகினேதான் கீறேன், ஒரு எறும்பு இல்ல. சாரு சோத்த வுட்டாரு, எறும்பு சார வுட்டுச்சி. அம்மாந்தான். உப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல."

ஐம்பது பேருக்கு எதிரில் என் மூத்திரத்தைப் பற்றி இவ்வளவு விவரமாக ஒருத்தி பேசினாள். பூமி பிளந்திருந்தால் நன்றியோடு உள்ளே போயிருப்பேன்.

"அப்ப காக்கா?" என்று யாரோ கேட்டார்கள். முட்டைப் பொரியல் கதையை நானே சொல்லும்படி ஆயிற்று. களமே சிரித்தது. விவசாயி வேட்டி அவிழ்வது தெரியாமல் சிரித்தார்.

அந்தம்மா சிரிக்கவில்லை. என்னைக் கையைக் காட்டி எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, பலகையைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, என் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்தக் களத்தில் கூலி ஆட்கள் யாரும் விவசாயிக்கு எதிரில் இலைபோட்டுச் சாப்பிட்டதில்லை. அவர் சிரிப்பு நின்றது. ஆனால் அவள் சாப்பிட்டால்தான் அவர் நெல் நகரும், அதனால் வாயைத் திறக்கவில்லை. அவள் நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டாள்.

பாதி இலையில் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நீ சோறு வேணாம்னா உனுக்கு நெய்யும் முட்டையும். நாங்கோ வேணாம்னா எங்களுக்குக் கேவுரு கூயி. எட்டு நாளா புள்ளைங்களுக்கு அதான் ஊத்திக்கினு கீறேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா சாரு?"

எனக்கு வெட்கமாக இருந்தது. எறும்பு விஷயத்தில் வந்த வெட்கம் வேறு, இது வேறு. முந்திரி பொறுக்கிக் கொடுத்த மனைவியிடம் கோபித்துக்கொண்டவன் நான். குவளையில் தண்ணீர் ஊற்றி அவள் இலைப் பக்கத்தில் வைத்தேன். அன்று சாயங்காலத்துக்குள் கூலி நெல் முழுவதும் போய்விட்டது.

மறுநாள் செங்கல்பட்டில் டாக்டர் குழாயைக் காய்ச்சினார். கொதித்தது, நீலமாகவே இருந்தது. நம்பாமல் இன்னொரு குழாயிலும் காய்ச்சினார். அதுவும் நீலம். கம்பவுண்டரைப் பார்த்து, "ஷுகர், நில்" என்றார். நான் எழுந்து நின்றேன்.

"உன்னை இல்லய்யா, உக்காரு" என்றார். "என்ன, கொஞ்சம்கூட பயப்படாம உக்காந்திருந்தியே?"

எறும்பு நேற்றே சொல்லிவிட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

களத்தில் நடந்ததை யாரும் வெளியே சொல்லக் கூடாது என்று அன்றே கெஞ்சியிருந்தேன். ஒரு மாதம் கழித்து ஐயங்கார்குளத்தில் ஒரு கல்யாணப் பந்தி. முன்பின் தெரியாத ஆள் பரிமாறிக்கொண்டு வந்தார். என் இலைக்கு வந்ததும் பின்னாலிருந்து ஒரு குரல்: "யோவ், சேவுகருக்கு சோறு வெக்காத!" தாலுகா முழுவதும் தெரிந்திருந்தது. பி.டி.ஓ.வுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஊர்வாயை அதுவரை எவ்வளவோ திட்டியிருக்கிறேன். அதற்கப்புறம் திட்டியதில்லை.

ஒரே ஒரு தடவை தவறினேன். வேலை நிரந்தரமாகி ஒரு வருஷம் இருக்கும். காவாந்தண்டலத்தில் ஒரு வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். யாரும் பார்க்கவில்லை என்று இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள் காலை திருப்புலிவனத்தில் மோட்டார் கொட்டகைப் பக்கம் போய்வந்துவிட்டு, விவசாயியிடம் நாற்றங்காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். நடவில் குனிந்திருந்த அந்தம்மா எழுந்து கொட்டகைப் பக்கம் போய்விட்டு வந்தாள். வரப்பில் நின்று, கழனி முழுக்கக் கேட்கிறமாதிரி கூவினாள்.

"சாரு! நேத்து எங்க போய் இன்னா துன்ன?"

ஒன்றும் தின்னவில்லை என்றேன்.

"எறும்பு வந்துகீது. உன் சோத்த நான் துன்னுதான் உனுக்கு இந்த வேல நெலச்சிது. நெனப்புல வெச்சிக்க."

நடவு ஆட்கள் எல்லோரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். இனிமேல் தொடமாட்டேன் என்று வரப்பில் நின்றபடி எல்லோருக்கும் எதிரில் சொன்னேன். அதைக் கேட்ட பிறகுதான் அவள் கழனியில் இறங்கினாள்.