நாற்காலி இல்லாத நூலகம்

அலபாமாவில் எங்கள் ஊர் நூலகத்தில் கறுப்பர்களான எங்களையும் அனுமதிக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு வந்த அன்றே, நூலகர் கிராடி எல்லா நாற்காலிகளையும் அப்புறப்படுத்தினான். எங்களுக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்துவிடக் கூடாதாம்! சலவைக்கடை வெர்டெல் அக்கா விடவில்லை. கால் வீங்க வீங்க நின்றுகொண்டே எங்கள் சரித்திரப் புத்தகங்களைப் படித்துத் தீர்த்தாள்.

பிற்காலத்தில் அவளே நூலகக் குழுத் தலைவி. எங்கள் ஊர்ப் போராட்டத்தைப் பற்றிய புத்தகத்தை அவள் வாசிக்கும் கூட்டத்துக்குக் கிராடியும் கைத்தடியோடு வந்தான்.

"வெர்டெல், எனக்கு உட்கார ஒரு நாற்காலி குடும்மா."

"உங்களப் பத்தின அத்தியாயம்தான் சார். நின்னுக்கிட்டே கேளுங்க."

முன்வரிசையில் காலியாகக் கிடந்த ஒரே நாற்காலியில் தன் கைப்பையை வைத்துவிட்டு, அக்கா மிக மெதுவாக வாசிக்க ஆரம்பித்தாள்.